கொடுப்பனவு நாள்

மூத்தவரின் பெருவிரலில் ஒட்டிய மையை இளையவர் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருப்பார். மை எப்போதோ போயிருக்கும், துடைப்பது மட்டும் நிற்காது. நெடுங்கேணிப் பக்கத்தில் நான் பொறுப்பாயிருக்கும் உபதபால் அலுவலகத்தில் மாதாமாதம் நடந்த காட்சி இது. இருவருக்கும் கையெழுத்து வைக்க நன்றாகத் தெரியும். ஆனாலும் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, கைநாட்டுத்தான் வைப்போம் என்று அடம்பிடிப்பார்கள். அதற்குத்தானே கூடுதல் நேரம் எடுக்கும்!

அவர்கள் அக்காவும் தங்கையும். மகன்மார் வயல் வாய்க்கால் தண்ணீருக்காகக் கொளுவிக்கொண்டதில் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அற்றுப்போயிற்று. எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. கல்யாண வீட்டுக்கும் போவதில்லை, செத்த வீட்டுக்கும் போவதில்லை. ஒருவர் வாசல் படலையை மற்றவர் மிதிக்கக் கூடாது. மகன் வீட்டில் சாப்பிடும் தாய், மகன் சொல்லை எப்படி மீறுவது? ஆனால் முதியோர் கொடுப்பனவு வாங்க இங்கே வந்துதானே ஆகவேண்டும். "இது ஆரின்ரை வீடும் இல்லைத்தானே பிள்ளை," என்று மூத்தவர் என்னைப் பார்த்துக் கண்சிமிட்டுவார். பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்து கதை, கதை, ஒரே கதைதான். பூட்டும் நேரமாகி நான் திறப்புக் கொத்தைக் கிலுக்கினால் இளையவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பிறகு கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கு மாறியது. நல்ல காரியம்தான். வயதுபோனவர்களை வெயிலில் காக்கவைக்காதீர்கள் என்று கூட்டங்களில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போது மகன்மார் மோட்டார் சைக்கிளில் போய் எடுத்துவந்து, ஒரு சதம் குறையாமல் தாயின் கையில் கொடுக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் வாங்கு வெறுமையாய்க் கிடக்கிறது. அந்த இரண்டு பேரின் சிரிப்பை இன்னொருமுறை கேட்கமாட்டேனா என்று எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. முத்திரை விற்றுக்கொண்டு எத்தனை நேரம்தான் தெருவைப் பார்ப்பது?

போன மாதம் இளையவர் தனியே வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"பிள்ளை, எனக்கும் அக்காவுக்கும் காசு வரேல்லையெண்டு ஒரு முறைப்பாடு எழுதித் தாங்கோ."

"ஏனம்மா, மகன் எடுத்துத் தாறேல்லையோ?"

"ஐயோ, அவன் ஒழுங்காத் தாறான். அவளுக்கும் வருகுதாம். வரேல்லையெண்டு எழுதினால் ரெண்டு பேரையும் ஒரே நாளில விசாரணைக்குக் கூப்பிடுவினமெல்லோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொய்யெண்டு தெரிஞ்சால் காசை நிப்பாட்டிப் போடுவினம் அம்மா," என்றேன்.

"நிப்பாட்டட்டும் பிள்ளை. அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகுதாம். முழுக்கப் போக முந்தி அவள் என்னை ஒருக்காப் பாக்கோணும்."