பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரிக்கு, சிவப்புத் துணி கட்டிய போத்தலால் வந்த வினை

அன்றைக்குச் சித்தப்பாவிடம் நான் சொல்லாதது இவ்வளவுதான்: பவர் ஸ்டியரிங்குக்குப் பிரேக் ஒயிலை ஊற்றிவிட்டேன்.

2008 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை. சித்தப்பாவுக்கு இடது கண்ணில் சத்திரசிகிச்சை நடந்து ஐந்து நாள். இரத்தினபுரி கிளினிக்கில் காலை ஒன்பதரைக்குள் பதிவுத் துண்டுச் சீட்டைக் கொடுக்க வேண்டும். அவர் வாடகைக்கு ஓட்டும் கார்தான் வீட்டுக்கு வருமானம். அதன் சாவியை அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்கு லைசென்ஸ் கிடைத்து நான்கு மாதம். என்னிடம் கொடுத்தார்.

முந்தின நாளே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகல் கேட்டது. "ஒயில் கொறஞ்சிருக்கும். முத்தையா செட்டுல போத்தல் இருக்கு, காலையில எடுத்து ஊத்திக்க" என்றார். முத்தையா எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர்; செட் என்பது அந்த லொறி நிற்கும் கொட்டகை. நான் போனபோது மணி ஐந்தரை, நல்ல மூடுபனி, செட்டில் ஆளில்லை. தட்டில் ஒரே மாதிரியான போத்தல்கள், எழுத்து எதுவும் இல்லை, கழுத்தில் மட்டும் துணித்துண்டுகள். ஸ்டியரிங் ஒயில் சிவப்பு நிறம் என்று காரோடு வந்த கையேட்டில் படித்திருந்தேன். சிவப்புத் துணி கட்டியதை எடுத்து ஊற்றினேன். மூடியைத் திருகும்போது விரலில் பட்ட துளி வெளிறிய மஞ்சளாக இருந்தது. டோர்ச் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

6.10க்குப் புறப்பட்டோம். தோட்டத்திலிருந்து பலாங்கொடைக்கு 14 கிலோமீற்றர். பாதி தூரம் வளைவுகள், இடது பக்கம் பள்ளம். மூன்றாவது வளைவில் சித்தப்பா காதைச் சாய்த்தார்.

"இன்னும் முனகுதே. முத்தையா போத்தல்தானே?"

"அவரு போத்தல்தான் சித்தப்பா."

"அப்ப சரி. அவன் எழுதி ஒட்ட மாட்டான். பிரேக் ஒயிலுக்குச் செவப்புத் துணி, ஆபத்துன்னு. ஸ்டியரிங்குக்குக் கறுப்பு. கண்ணக் கட்டிக்கிட்டே எடுக்கலாம்." தன் கண்கட்டைத் தொட்டுச் சிரித்தார். "இப்ப என்னைய மாதிரி."

நான் ஊற்றியது சிவப்புத் துணிப் போத்தல். பிரேக் ஒயில் ஸ்டியரிங்கின் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும் என்று அதே கையேட்டில்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும், இப்போது இறுகிவிடும், இப்போது இறுகிவிடும் என்று எதிர்பார்த்தேன்.

"ரோட்டப் பாரு. என் மூஞ்சியில பள்ளம் ஒண்ணும் இல்ல" என்றார்.

பலாங்கொடை 6.55. ஒரு கராஜும் திறக்கவில்லை. அங்கிருந்து பெல்மடுல்லை 24 கிலோமீற்றர். மெதுவாக ஓட்டி 7.50க்குச் சேர்ந்தேன். ஒரு கராஜில் அப்போதுதான் கதவுப் பலகைகளை எடுத்துத் திறந்துகொண்டிருந்தார்கள். மெக்கானிக் ஸ்டியரிங் ஒயில் டப்பாவுக்குள் விரலை விட்டு, முகர்ந்து, என்னைப் பார்த்தார். பொனட்டின் மறைவில், சிங்களத்தில், "என் பிழைதான்" என்றேன். அவர் காருக்குள் இருந்த கண்கட்டையும் பார்த்தார்.

"மொகத பாஸ்?" என்று, என்ன கோளாறு என, சித்தப்பா உள்ளிருந்து கேட்டார்.

"தெல் நரகயி, மாத்தயா." ஒயில் கெட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"முத்தையா நமக்கே பழசக் குடுத்துட்டானா? இருக்கட்டும், பாத்துக்கிறேன்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

திரும்பிவரும் குழாயைக் கழற்றி, புது ஒயிலை ஊற்றி ஊற்றி, சிவப்பு மட்டும் வரும்வரை கழுவினார். இரண்டு லீற்றர், 45 நிமிடம், 1,600 ரூபாய். "சீலுக்கு நான் பொறுப்பில்லை" என்றும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். மீதி 19 கிலோமீற்றரும் ஓடி, 9.20க்குத் துண்டைக் கொடுத்தோம்.

இந்தப் பாதையில் சொந்தமாக ஓட்டி வருகிறவர்களுக்கு: மலையிறங்குமுன் காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங் ஒயில் டப்பாவின் மூடியைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள். இன்ஜின் சூடில்லாதபோது ஒயில் கீழ்க்கோட்டளவில் நிற்க வேண்டும். மேற்கோடு சூடான இன்ஜினுக்கு. ஊற்றுமுன் ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டு, சிவப்புத்தானா என்று பாருங்கள். தவறாக ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுத்துவிடலாம். பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள்.

சித்தப்பாவின் கண் ஆறிவிட்டது. நவம்பரில் சீல் ஒழுகி, கார் ஒன்பது நாள் கராஜில் நின்றது. அதன்பிறகு அவர் முத்தையாவின் செட்டுக்குப் போகவில்லை. தோட்டத்துப் பாதையில் எதிரெதிரே வந்தால் முன்பு இருவரும் ஹோர்ன் அடித்துக்கொள்வார்கள். இப்போது முத்தையா மட்டும் அடிக்கிறார்.