ஆலைச் சாவியும் கருவாட்டுக் குழம்பும்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் கோயில், என் வீட்டுக்காரர் வைக்கும் கோழிக்கறி, அந்தப் படம். கோயிலுக்குப் பிந்தி வருகிறவர்கள்கூடப் படத்துக்கு முந்தி வந்து தரையில் இடம் பிடித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பே ரிங்லெட் டவுனில் வாங்கிய சிடி அது. நான் சீராகக் கொண்டுவந்த பாத்திரமெல்லாம் நசுங்கிவிட்டது, அந்த சிடியை மட்டும் அவர் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

பழைய குடும்பப் படம், முழுக்கச் சிரிப்பு. அரிசி ஆலை முதலாளியின் ஒரே மகனுக்கு ஆலை பிடிக்காது, சமையல்தான் பிடிக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் ஒட்டு மீசை வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் சமைப்பான். ஒரு கல்யாணத்தில் அப்பாவே பந்தியில் உட்கார்ந்து மூன்றாம் முறையாகச் சாம்பார் கேட்பார். சமைத்தவனைப் பார்க்க வேண்டும் என்பார். அவன் குனிந்து கும்பிடும்போது மீசை அவர் இலையிலேயே விழும். பிறகு பெரிய சண்டை. பிடிச்ச வேலையைச் செய்யாதவன் பாதி மனுசன் என்று மகன் ஒரு வசனம் பேசி, ஆலைச் சாவியை அப்பா காலடியில் போட்டுவிட்டு, கையில் கரண்டியோடு வாசலைத் தாண்டுவான். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே இருக்கும்போது சிடி நின்றுவிடும்.

துடைத்தோம், ஊதினோம், பற்பசை போட்டுக்கூடத் தேய்த்தோம். அந்த இன்னொரு கால் வெளியே வரவே இல்லை. அதனால் மிச்சக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொள்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. லாரி ஓட்டும் என் கொழுந்தன், அப்பாவுக்கு நெஞ்சுவலி வரும், மகன் ரசம் வைத்துக் காப்பாற்றுவான் என்பார். நாத்தனாருக்கு அந்தக் கல்யாண வீட்டுப் பெண்ணின் தங்கையையே மகனுக்குக் கட்டிவைத்தால்தான் திருப்தி. என் வீட்டுக்காரர் கதையில் மகன் சாப்பாட்டுக் கடை போடுவான், அப்பா அங்கே வரிசையில் நின்று சாப்பிடுவார். வருஷா வருஷம் அந்தக் கடைக்கு ஒரு மாடி ஏறும்.

போன கிறிஸ்துமஸுக்குப் படம் நின்றதும் அவர் மாடி கட்டவில்லை. எழுந்து நின்று, தேயிலை ஃபேக்டரி வேலையை விடப் போவதாகச் சொன்னார். கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், முன்பக்கத்து மூலையை இவர் சமைத்து விற்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டியவர்கள் யாரும் எங்கள் வீட்டில் குடியிருப்பவர்கள் இல்லை.

ஏனென்றால் லயத்து வீடு எஸ்டேட்டின் வீடு. அவர் வேலை இருக்கும்வரைதான் அந்தக் கூரை. நான் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டக்காரர் ஒருவரின் கொட்டகையில் தக்காளி தரம் பிரிக்கிறேன், அந்தச் சம்பளத்தில் இந்த மலையில் ஒரு வாடகை வீட்டின் கதவைத்தான் எடுக்க முடியும். பின்பக்கத்தில் என் மேரக்காய்க் கொடி, அதாவது சௌசௌ, பந்தல் முழுக்கப் படர்ந்து கிடக்கிறது. அதைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படத்தப் பாத்துத்தான் வாழணும்னா, நானும் வெள்ளச் சேலைல மலை ஏறி டூயட் பாடணும்லா. பாடவா?" என்றேன்.

அவர் அதற்குச் சமையலில் பதில் சொல்லலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஜனவரியில் ஒரு நாள் விடியும் முன்பே எழுந்து, கருவாட்டுக் குழம்பு வைத்தார். பெலாச்சான் என்கிற அந்த இறால் கட்டியையும் சுட்டுக் கரைத்து ஊற்றினார். கூட வேலை செய்கிறவர்கள் ருசி பார்த்து நல்லா இருக்கு என்று சொன்னால் ஃபேக்டரி மேலாளரான துரையிடம் போய் வேலையை விடுவதாகச் சொல்லிவிடுவது, அதுதான் திட்டம்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிற யாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. காய்ந்த தேயிலை பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அங்கே சென்ட் போடக்கூடாது, தைலம் தேய்க்கக்கூடாது. தலைவலிக்குத் தைலம் போட்டு வந்த ஒருவரை வாசலிலேயே நிறுத்தி முகம் கழுவ வைத்தவரே என் வீட்டுக்காரர்தான். அவ்வளவு கறாரான மனிதர், குழம்பு ஆறிவிடக்கூடாதே என்று பானையைக் கொண்டுபோய், தூள் சலிக்கிற அறையில், சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில், தூள் மூட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். மூடியைக் கொஞ்சம் திறந்தும் வைத்திருக்கிறார், ஆவி போகட்டும் என்று.

ஆவி போனது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் விரலைச் சப்பினார்களாம். அதன் பிறகு துரை வழக்கம்போல அன்றைய தூளில் தேத்தண்ணீர் போட்டு வாயில் வைத்தார். துப்பினார். இன்னொரு கோப்பை போட்டு அதையும் துப்பினார். அந்தக் கருவாட்டு வாசம் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்த அறையே சொன்னது. துரை கத்தவில்லை. இன்னொரு தடவை நடந்தால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டு, கெட்டுப்போன தூளில் ஒரு மூட்டையை இவர் கையிலேயே கொடுத்து, நீயே கொண்டுபோய்க் குடி என்றாராம். துரையிடம் சொல்ல நினைத்தது இவர் வாயிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கருவாட்டுத் தேத்தண்ணீர்தான். காசு கொடுத்து வேறு தூள் வாங்க எனக்கு மனமில்லை, அவரும் தண்டனையை மனதார ஏற்றுக்கொண்டவர்போல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஆனால் கடை ஆசையை மட்டும் விடவில்லை. பாய் காத்திருக்கிறார், சீனப் புத்தாண்டுப் பெருநாள் முடிந்ததும் துரையிடம் பேசிவிடுகிறேன் என்றார்.

சீனப் பெருநாள் லீவுக்கு ஈப்போவிலிருந்து மகள் வந்தாள். அவள்தான் கைபேசியில் தேடி அந்தப் படத்தைக் கண்டுபிடித்தாள். முழுப் படம். நானும் அவளும் அடுப்படியில் நின்றபடி, சிடி நிற்கும் இடத்தைத் தாண்டிப் பார்த்தோம். அந்த இன்னொரு கால் வெளியே வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மகன் கடை போடுகிறான். கூட்டம் வருகிறது. தனி ஆளாகச் சமைத்து, பரிமாறி, கழுவி, கடைசியில் சமையல் வாசம் பட்டாலே குமட்டுகிறது அவனுக்கு. கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் கை நீட்டி ஆலைச் சாவியைக் கேட்கிறான். சுபம்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கைபேசியை அவர் கையிலேயே கொடுத்தேன். பார்த்து முடித்தார். கைபேசியைத் துடைத்து மகளிடம் கொடுத்துவிட்டு, பாய்க்குப் போன் போட்டு மூலை வேண்டாம் என்றார்.

நான் ஜெயித்தேன். வீடு நிலைத்தது, மேரக்காய்க் கொடி நிலைத்தது. ஆனால் அதன் பிறகு அவர் அடுப்புப் பக்கமே வரவில்லை. நான் வைத்த பருப்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் பருப்பைக் குறை சொல்லாமல் அவர் சாப்பிட்டதே கிடையாது. சிடியைத் துணியிலிருந்து எடுத்து மேசையில் அப்படியே போட்டிருந்தார், தூசி படிந்தது. தவக்காலம் தொடங்கும் முன்பே எங்கள் வீட்டில் தவக்காலம் வந்துவிட்டது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து, கருவாட்டுத் தேத்தண்ணீரை அவர் முன்னால் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

"அந்தப் படத்துல அவன் ஏன் தோத்தான் தெரியுமா?" என்றேன். "அவனுக்குப் பொண்டாட்டி இல்ல. வேலைய விடாதீங்க. ஞாயித்துக்கிழம ஃபேக்டரி லீவுதானே. பாய்கிட்ட ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் அந்த மூலையக் கேளுங்க. கல்லாவுல நான் உக்காந்துக்கறேன்."

அவர் கோப்பையை எடுத்தார். இந்தத் தடவை மூக்கைப் பிடிக்கவில்லை. ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, இன்னொரு வாய் குடித்தார்.

"பெலாச்சான் கொஞ்சம் தூக்கலா இருந்திருக்குலா," என்றார்.

நான் எழுந்துபோய்க் குழம்புக்குப் புளியை ஊற வைத்தேன்.