பிராட்லி என்ற பெயரில் ஒரு மெசேஜ்

இன்று ரங்கூனில், தாகேதா போகும் பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு மெசேஜ். அனுப்பியவர் பெயர் பிராட்லி.

தாய்லாந்துக்கு வேலைக்குப் போன என் கணவரும் பிராட்லிதான். இரண்டு மாதமாக அவரிடமிருந்து சேதி இல்லை. மடியில் மகளை அணைத்துக்கொண்டு திறந்தேன்.

அவர் இல்லை. இங்கிலாந்தில் யாரோ ஒரு பெரியவர். பிராட்லி என்பது ஊர்ப்பெயராம். காடு வெட்டித் திருத்திய அகன்ற இடம் என்று அர்த்தமாம். அந்த ஊரை விட்டு வெளியே போனவர்களை, போன இடத்தில் அந்த ஊர்ப்பெயராலேயே கூப்பிட்டார்களாம். "நீங்கள் எங்கள் உறவா?" என்று கேட்டிருந்தார்.

பக்கத்தில் மாமியார். "யாரும்மா, அவனா?"

"இல்ல அத்தை. இங்கிலீஷ்காரர் ஒருத்தர். நாம அவருக்குச் சொந்தமான்னு கேக்குறாரு."

"ஆமான்னு சொல்லு! அலோன் துறைமுகத்துல மூட்டை தூக்குன என் மாமனாருக்கு, ஞானஸ்நானம் குடுத்த பாதிரி தன் பேரையே வச்சுட்டுப் போனாரு. சொத்துல பங்கு உண்டான்னும் கேளு."

சிரித்தார். அப்புறம் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மகள் தூங்கிய பிறகு அந்தப் பெரியவருக்குப் பதில் போட்டேன்: உறவில்லை ஐயா, பெயர் மட்டும்தான்.

தாய்லாந்தில் இருக்கும் நண்பர்களே, அங்கே யாரையாவது 'ரங்கூன்காரர்' என்று கூப்பிடுவது காதில் விழுந்தால், வீட்டுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.