அக்கா ஒட்டிய சிவப்பு அம்புகள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவின் கையால் இஞ்சி டீ வாங்கிக் குடித்த நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார் அக்காவின் கணவர், எங்கள் மாமா. நாலு வார்த்தையில் அடங்குகிறவரா அக்கா?

கணியூரில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். பள்ளியில் கெட்டிக்காரர். அப்பா படுக்கையில் விழுந்த வருடம், கல்லூரி ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் நான் சொல்கிறேன். அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த மாமாவைக் கைப்பிடித்து, அனுப்பர்பாளையத்தில் குடியேறினார்.

செக்கிங் மேசையில், துணியில் ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அக்காவின் பையில் அது எப்போதும் இருக்கும். வீட்டில் புத்தகம் படிக்கும்போது, மனசுக்குப் பிடித்த வரியின் பக்கத்தில் ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவார். கல்யாணமான புதிதில் மாமா ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பதறிப்போய், "இத்தன டேமேஜ் இருக்குதே, கடையில திருப்பிக் குடுத்தரலாமா?" என்று கேட்டாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது தெரியாதவர் நம் சொந்தத்தில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு ஒரு புத்தகமும் ஒரு டம்ளர் டீயும் போதும். டீ ஆறிப்போனால் அது நல்ல புத்தகம் என்பது அவர் கணக்கு. ஆறிய டம்ளரை மாமா சத்தமில்லாமல் எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைப்பார். புத்தகத்தை மட்டும் தொட மாட்டார்.

படித்துப் படித்து அக்கா கதை எழுதவும் தொடங்கினார். எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்து, வேண்டாத சொற்களை அடிப்பார். முடிந்ததா என்று கேட்டால், "இன்னும் பிசிறு வெட்டோணும் கண்ணு" என்பார். நான் படித்தேன், செக்கிங் மேசைத் தோழிகள் படித்தார்கள். மாமா மட்டும், நீ எழுதினால் நல்லாத்தான் இருக்கும் என்று படிக்காமலே சொல்லிவிடுவார். அந்தக் குறை அக்காவுக்கு உள்ளுக்குள் இருந்தது.

அக்காவுக்கு வந்த நோய் மருந்துக்கு அடங்கவில்லை என்று தெரிந்த பிறகு, ஒரு ஞாயிறு, தன் கடைசிக் கதையை மாமாவிடம் நீட்டினார். மாமா வழக்கமான பதிலையே சொன்னார்.

"பாக்காம பாஸ் பண்ணுன பீஸ்தானுங்க திரும்பி வரும்," என்றார் அக்கா. "ஒருக்கா படிச்சுப் பாருங்க. எனக்கு இனி நாளில்லீங்க."

மாமா தாள்களை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். நான் டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அன்று ஆறிப்போனது மாமாவின் டீ.

பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்தார். ஒரே ஒரு இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அக்கா அந்த இடத்தை வாய்விட்டுப் படித்தார்: 'அவருக்குக் கதை பிடிக்காது. கதை படிக்கிறவளைப் பிடிக்கும்.'

"இது கம்பெனி அம்புங்களா, புஸ்தக அம்புங்களா?" என்று கேட்டார்.

"மொத வரி டேமேஜ். ரெண்டாவது பாஸ்," என்றார் மாமா.

அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். என் அக்கா அவ்வளவு நிறைவாக இருந்து நான் பார்த்ததில்லை. அதன்பின் சில வாரங்களில் இயற்கை எய்தினார்.

முறை வைத்துச் சோறு கொண்டுவந்த செக்கிங் மேசைச் சகோதரிகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் அந்தக் கதையை அடுத்த பக்கங்களில் அச்சிட்டிருக்கிறோம். மாமா டேமேஜ் சொன்ன அந்த வரியைத் திருத்தட்டுமா என்று அவரிடமே கேட்டேன். அவள் எழுதினது அப்படியே இருக்கட்டும் என்றார். கதைப் பக்கங்கள் முதலில் அச்சாகி வந்ததும் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரதியிலும் அந்த இடத்தில் தன் கையால் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினார். டேமேஜ் என்று நினைத்து யாரும் அதை உரித்துவிட வேண்டாம்.