சிவப்புச் சீலையும் மயிலை மாடும்

மாட்டுவண்டில் சவாரித் திடலில் எங்கள் வண்டில்தான் முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. எல்லைக் கோடு கிட்ட வந்தது. அப்போது சோடியில் இடப்பக்கத்து மாடு, வெண்சாம்பல் நிற மயிலை, பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. ஆட்கள் சிதறி ஓடினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. வண்டிலின் ஒரு சில்லு உடைந்தது. வண்டில் ஓட்டிவந்த என் புருசன் குதித்து மாட்டைப் பிடித்தார்.

நான் எல்லையில் நின்றேன். மாட்டுக்குக் கிட்ட ஓடிப் போவதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"சிவப்புச் சீலை. அதைக் கண்டுதான் மாடு வெருண்டது."

சொன்னவர் என் புருசனின் அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். சோடி மாடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. ஆனால் சொல் அவருடையது.

நான் என்னைப் பார்த்தேன். சிவப்புத்தான். பொங்கலுக்கு எடுத்த சீலை. சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். ஒருவர் சொன்னார், "அக்கா, மாட்டுக்குச் சிவப்பு ஆகாதெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே." எனக்கும் அது தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் அக்கராயன். குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறோம். வயல் வேலை ஓய்ந்தால் சவாரி. வண்டில்கள் வரிசையாய் நின்று ஒரே ஓட்டமாய் ஓடும். எல்லையில் நிற்கிற ஆண்கள் தோளில் கிடக்கும் சால்வையை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றித் தங்கள் சோடியைக் கூப்பிடுவார்கள். சுழற்றாவிட்டால் சவாரியே இல்லை. அன்று மயிலைக்கு முதல் சவாரி.

வீட்டுக்கு வந்ததும் பெரியத்தான் முடிவு சொன்னார்.

"ஒருக்கால் விலகின மாடு பிறகும் விலகும். மாட்டு யாவாரி கேட்டவன். இறைச்சிக்குக் குடுப்பம்."

மயிலையின் தாய் அது கன்றாய் இருந்தபோதே செத்துப்போனது. போத்தலில் பால் பருக்கி வளர்த்தது நான். அதைச் சொல்லவில்லை. சொன்னால் பெண்பிள்ளைக் கதை என்பார்கள். "அடுத்த சவாரி மட்டும் பாருங்கோ" என்று மட்டும் கேட்டேன்.

"அதுவரைக்கும் ஏன் தீனி போடவேணும்? யாவாரி வாற கிழமை வெள்ளிக்கிழமை வருவான்."

சீலையை அலுமாரிக்குள் அடியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு நாள் கழித்து மாடுகளுக்கு ஊசி போட மிருக வைத்தியர் வந்தார். சின்ன வயதுப் பெண். வெயிலுக்கு ஒரு குடை பிடித்துக்கொண்டு வாசல் படலையைத் திறந்தார். சிவப்புக் குடை.

"தங்கச்சி, குடையை மடக்குங்கோ. மயிலை சிவப்பைக் கண்டால் பாயும்."

அவர் குடையை மடக்கினார். ஆனால் சிரித்தார்.

"மடக்கினது நல்லது, அக்கா. விரிச்ச குடையை ஆட்டினால் எந்த மாடும் வெருளும். ஆனால் சிவப்புக்கு இல்லை. எங்களுக்குத் தெரியிற மாதிரிச் சிவப்பு மாட்டுக்குத் தெரியாது. அதுக்குச் சிவப்பும் பச்சையும் பெரிய வித்தியாசமில்லை."

"அப்ப ஏன் பாயுது?"

"ஆட்டிறதுக்குப் பாயும். வெள்ளையை ஆட்டினாலும் பாயும்." பிறகு கொட்டிலைப் பார்த்தார். "மயிலைக்குப் பக்கத்தில கட்டியிருக்கிற மாடு என்ன நிறம்?"

"சிவலை."

"பிறகென்ன, அக்கா."

நான் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் குந்திவிட்டேன். சிவலை என்றால் நல்ல செங்கட்டி நிறம். ஒரே நுகத்தில் இரண்டும் நடக்கின்றன. ஒரே கொட்டிலில் படுக்கின்றன. மயிலை அதன் கழுத்தை நக்கும். இத்தனை நாள் கண்ணுக்கு முன்னால் நின்ற சிவப்பை ஒருவரும் காணவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. எழும்பி அந்தப் பெண்ணுக்குப் பின்னாலேயே திரிந்தேன்.

"வேற என்னென்ன பிழை, தங்கச்சி? பாம்பு பால் குடிக்குமே?"

"அது அதின்ரை சாப்பாடில்லை. தண்ணி விடாய்ச்சால் எதையும் வாய் வைக்கும், அவ்வளவுதான்."

"வௌவாலுக்குக் கண் தெரியாதெண்டுறது?"

"நல்லாத் தெரியும்."

"பாம்பு பழி வாங்கிறது?"

"அதுக்கு உங்களை ஞாபகம் வைச்சிருக்க நேரமில்லை, அக்கா." ஊசியைக் குத்தினார். "மாட்டைப் பற்றி ஒண்டு சொல்லட்டே. முன்வாயில மேல் பல்லு இல்லை."

"அது தெரியும். போத்தல் பருக்கேக்கை விரல் விட்டுப் பார்த்திருக்கிறன்."

"அப்ப நீங்கள் பாதி டொக்டர்."

அவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்குப் பின்னால் பூசணிக்கொடி பிஞ்சு விட்டிருந்தது. பூசணிப் பிஞ்சை விரலால் சுட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பார்கள். பிறந்த நாள் தொடக்கம் நான் கையை மடக்கி முழங்கையால்தான் காட்டி வந்தேன். இப்போது விரலை நீட்டினேன். எல்லாப் பிஞ்சையும் சுட்டினேன். விடிந்ததும் சுட்டினேன், பொழுதுபட்டும் சுட்டினேன். புருசன் கண்டுவிட்டார்.

"இஞ்சார், விரலை மடக்கு. கறிக்கு ஒண்டும் மிஞ்சாது."

மிஞ்சியது. பிஞ்சுகள் பெருத்தன. ஒன்று மட்டும் அழுகியது. அதைப் பிளந்து பார்த்தேன். உள்ளே புழு. ஈ குத்தியிருந்தது. அவருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், டொக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் புழுவையும் பார்த்தார், என் விரலையும் பார்த்தார்.

"சரி. மாட்டைப் பார்ப்பம்" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் பெரியத்தானைக் கூட்டி வந்தார். மறுநாள் யாவாரி வருகிற நாள். பெரியத்தான் தோளில் வெள்ளைச் சால்வையோடு வந்து கொட்டில் வாசலில் நின்றார்.

"டொக்டர்ப் பிள்ளைக்குச் சவாரி தெரியுமே? அவா ஊசி போடட்டும். சரி, சீலையைக் கட்டிக்கொண்டு வா. பாய்ஞ்சால் என்னைச் சொல்லாதை, பிள்ளை."

சிவப்புச் சீலையைக் கட்டிக்கொண்டு போனேன். மயிலைக்கு முன்னால் அசையாமல் நின்றேன். மயிலை மூக்கை நீட்டி மணந்து பார்த்தது. முந்தானையை நாக்கால் இழுத்தது. பிறகு வாய்க்குள் விட்டுச் சப்பத் தொடங்கியது.

"அண்ணை, சீலையைத் தின்னுது" என்றார் புருசன்.

பெரியத்தானுக்கு வேர்த்துவிட்டது. சால்வையை எடுத்து ஒரு உதறு உதறினார், முகம் துடைக்க.

மயிலை பின்னுக்குப் பாய்ந்தது. பின்னங்கால் தண்ணீர்த் தொட்டிக்குள் போனது. முந்தானையில் ஒரு துண்டு கிழிந்து அதன் வாயோடு போனது. தண்ணீர் எங்கள் மூன்று பேரிலும் அடித்தது.

பெரியத்தான் கையில் சால்வை தொங்கியது. எனக்கு அன்றைய எல்லைக் கோடு கண்ணில் நின்றது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான்.

"பெரியத்தான், அண்டைக்கு எல்லையில நீங்கள் என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?"

அவர் சால்வையைப் பார்த்தார்.

"நாங்கள் பரம்பரையாச் சுத்திறனாங்கள்."

"மாடு பரம்பரை பார்க்கேல்லை, அண்ணை" என்றார் புருசன்.

"மற்ற மாடுகள் ஓடுதே?"

"அதுகள் பழகினதுகள். இது அண்டைக்குத்தான் முதல் கண்டது" என்றேன்.

பெரியத்தான் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். பிறகு யாவாரிக்குப் போன் எடுத்தார். "இப்ப வராதை. ஒரு சவாரி பார்த்திட்டுச் சொல்லுறன்." என்னிடம் திரும்பினார். "ஒண்டுதான். விலகினால் குடுக்கிறதுதான்."

அடுத்த சவாரி விசுவமடுப் பக்கம். நான் அதே சீலையைக் கட்டினேன். கிழிந்த தலைப்பை இடுப்பில் செருகினேன். திடலில் கால் வைத்ததும் கதை தொடங்கியது.

"உந்தச் சீலையோட பிறகும் வந்திட்டா."

"மாட்டுக்குப் பிடிக்காட்டியும் அவாக்குப் பிடிச்சிருக்கு."

நான் எல்லைக் கோட்டில் போய் நின்றேன். பெரியத்தான் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். ஆனால் எங்களைச் சுற்றி நின்ற எல்லார் தோளிலும் சால்வை. இதை நாங்கள் யோசிக்கவில்லை. பெரியத்தான் அவர்களைப் பார்த்தார். மாட்டுக்குக் கண் எப்படி என்று விளக்கினால் சிரிப்பார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பிமார், இண்டைக்குச் சால்வை சுத்தாதையுங்கோ. நாள் சரியில்லை. சுத்தின வீட்டுச் சோடிக்குக் கூடாதாம்."

"ஆர் சொன்னது?"

"சொல்லுற ஆள்தான் சொன்னது."

உடனே கட்டினார்கள். ஒருவர் விடாமல் இடுப்பில் கட்டினார்கள். ஒருவர் கழற்றி மடித்து அதன்மேலே குந்திக்கொண்டார்.

சத்தம் கேட்டது. வண்டில்கள் புறப்பட்டுவிட்டன. முதலில் புழுதிதான் தெரிந்தது. பிறகு கொம்புகள். எங்கள் வண்டில் மூன்றாவதாய் வந்தது. என் புருசன் எழும்பி நின்று ஓட்டினார். சிவலை தலையைக் குனிந்து ஓடியது. மயிலை தலையை நிமிர்த்தி ஓடியது. நிலம் காலுக்குக் கீழே அதிர்ந்தது. இரண்டாவதாய் வந்தது. மயிலையின் கண்ணை என்னால் பார்க்க முடிந்தது. அது நேரே என்னைப் பார்த்து வந்தது. நான் கையை உயர்த்தவில்லை. வாயும் திறக்கவில்லை. முழுச் சிவப்பாய் அப்படியே நின்றேன்.

விலகவில்லை. கயிறு பிடித்த மாதிரி நேரே வந்தது. எல்லையில் மற்றச் சோடியை ஒரு கொம்பளவு முந்திப் போனது.

பிறகுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பெரியத்தான் என்னைப் பிடித்து உலுக்கினார். உலுக்கிவிட்டு வெட்கப்பட்டுக் கையை எடுத்தார். "மாடு நிக்கட்டும், பிள்ளை" என்றார். யாவாரி பிறகு எங்கள் படலைக்கு வரவில்லை.

ஆனால் திடலில் வேறு கதை ஓடியது. அந்தச் சிவப்புச் சீலைதான் வெற்றி தந்தது என்றார்கள். காலையில் பழித்த அதே வாய்கள். நான் இல்லை என்றேன். தன்னடக்கம் என்றார்கள்.

அதற்கடுத்த சவாரியில் எல்லைக் கோடு முழுக்கச் சிவப்பு. பெண்சாதிமார், தங்கச்சிமார், ஒரு மாமியார்கூட. நாள் இன்னும் சரியில்லையாம், சால்வை எல்லாம் இடுப்பில். புதிதாய் இறக்கின மாடுகளும் ஒன்றும் விலகாமல் ஓடின.

பெரியத்தான் எனக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லிவிடுவமே?"

நான் வரிசையைப் பார்த்தேன். சுழற்ற ஆசைப்பட்டு எத்தனை கைகள் சும்மா தொங்கின.

"வேண்டாம், பெரியத்தான். சொன்னால் நம்பமாட்டினம். நாள் கதையும் பொய்யெண்டு சால்வையை அவிழ்ப்பினம்."