எந்தத் தோட்டாவும் சரியில்லை

டெக்சாஸுக்கு நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், கணவரின் விசாவில் தொற்றிக்கொண்டு. பாளையங்கோட்டையில் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவள், ரிச்சர்ட்சனில் ஒரு அபார்ட்மெண்டில் துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கிரீன் கார்டு வந்தால்தான் எனக்கு வேலை, காலையில் புடவை கட்டிக் கிளம்ப ஓர் இடம். அந்தக் கிரீன் கார்டு கணவருடைய மேனேஜர் கையில்தான் இருக்கிறது என்று நாங்கள் இருவரும் முழுமனதாக நம்பினோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே. வீட்டுக்குள் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் துரை.

துரை நல்ல மனிதர், அதுதான் தொந்தரவே. தன் பழைய வேட்டைத் துப்பாக்கியை என் கணவருக்குச் சல்லிசாகக் கொடுத்து, நவம்பரில் மான் வேட்டைக்கு என்னோடு வா என்று கூப்பிட்டுவிட்டார். ஊரில் கிறிஸ்துமஸுக்கு வெடி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போகிற மனிதர் என் கணவர். ஆனால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாயே வராது, அதுவும் துரையிடம். இளித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்து, வேட்டை லைசென்ஸும் எடுத்துவிட்டார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சனிக்கிழமை அவர் எங்கே போகிறாரோ அதுதான் என் வாரத்துக்கான வெளியுலகம். அப்படித்தான் தோட்டா வாங்கும் கடைக்கும் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். முதலில் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே பெயர் போட்ட பெட்டியைத்தான் வாங்க வேண்டும், கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறதே என்று வேறு எதையும் உள்ளே போடக் கூடாது. கைமாறி வந்த துப்பாக்கி என்பதால் ரிப்பேர்க்காரரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அதற்கு மேல் குண்டின் எடை. அதைக் கிரெயின் என்று ஒரு கணக்கில் பெட்டியில் போட்டிருப்பார்கள். எடை கூடினால் தோளில் உதையும் கூடும். மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள், எது ஓட்டைகளை நெருக்கமாகப் போடுகிறதோ அதுதான் இந்தத் துப்பாக்கிக்கு, என்றாள். ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கி இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே தோட்டா பிடிக்காதாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை என் கணவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவருக்கு, இன்னும் ஆகவில்லை என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வாரா வாரம் சுடும் மைதானத்துக்குப் போவோம். காகிதத்தில் ஓட்டைகள் நாலு மூலைக்கும் சிதறிக் கிடக்கும். திங்கட்கிழமை துரையிடம் போய், தோட்டா இன்னும் அமையவில்லை சார் என்பார்.

"நூத்தி எண்பது கிரெயின் இதுக்கு செட் ஆகல. அடுத்த வாரம் நூத்தி அறுபத்தஞ்சு ட்ரை பண்ணணும்" என்றார் ஒருநாள், காரில்.

"ஏங்க, சுடும்போது கண்ண மூடுறது நீங்களா, தோட்டாவா?"

"உனக்கு என்ன தெரியும்? பழைய துப்பாக்கி. அதுக்கு எது பிடிக்குதுன்னு நாமதான கண்டுபிடிக்கணும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஃப்ரிட்ஜின் மேல் பாதி தீர்ந்த பெட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. மான் சுட்டால் கிரீன் கார்டு என்றால் நான் பத்து மான் சுடுவேன். இவரோ ஒரு மானுக்குப் பயந்து என் வாழ்க்கையைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் அவரிடம் சொல்லியும் விட்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

நவம்பர் நெருங்கியதும் துரையே மைதானத்துக்கு வந்துவிட்டார், கையில் நூற்றைம்பது கிரெயின் பெட்டியோடு. இது உதை குறைவு, நானே போட்டுத் தருகிறேன் என்றார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தோட்டா போடும் இடத்தை மூடுகிற போல்ட்டை இழுத்து மூடி, துப்பாக்கியைக் கணவரிடம் கொடுத்தார். இவர் மேசையில் குனிந்து, கன்னத்தை இறுக்கி, விசையை இழுத்தார். டிக்கென்று மட்டும்தான் சத்தம். ஆனால் குழலின் மூக்கு தரையைப் பார்த்துக் குத்திவிட்டது, இவர் கண் இறுக மூடியிருந்தது, தோள் காதுவரை ஏறியிருந்தது.

தலையை நிமிர்த்துவதற்குள் வாய் முந்திக்கொண்டது. "இந்தத் தோட்டாவும் சரியில்லை சார்."

துரை போல்ட்டைத் திறந்து காட்டினார். உள்ளே தோட்டாவே இல்லை. பயத்தில் குழல் ஆடுகிறதா என்று பார்க்க, சுடக் கற்றுக்கொடுப்பவர்கள் செய்யும் சோதனையாம் அது.

கணவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வாரக்கணக்காக நான் குத்திக் காட்டிய மனிதர்தான். ஆனாலும் வேறொருவர் முன்னால் அவர் அப்படி நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காதுமூடியைக் கழற்றிவிட்டு நானே சொன்னேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்: "இவருக்கு வேட்டைக்கு வர இஷ்டமில்லை. சொல்லப் பயப்படுகிறார். எங்கள் கிரீன் கார்டு பேப்பர் உங்களிடம் இருக்கிறது."

"எந்தப் பேப்பர்?" என்றார் துரை. சற்று யோசித்தார். "ஓ, அதுவா? போன வசந்தத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே. அதோடு என் வேலை முடிந்தது. இப்போது அது எங்கே எந்த வரிசையில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. எத்தனை வருஷம் ஆகுமென்றும் எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது."

பிறகு என் கணவரின் தோளைத் தட்டி, இஷ்டமில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார். துப்பாக்கியைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார். கோபமே இல்லை அவருக்கு.

ஃப்ரீவேயில் ஏறியதும் என் கணவர் ஏதோ ஞானப்பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். அவர் பாடிக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவரை இரங்கவைக்க ஒரு மனிதராவது இருந்தார். பிரியாணி செய்து கொடுக்கலாம், கேக் அனுப்பலாம், இவரை விரட்டி வேட்டைக்கு அனுப்பலாம். இனி யாரைப் போய்க் கெஞ்சுவது?

"எதுக்கு இப்ப அழற?" என்றார் கணவர். "எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே. நான் இனிமே எங்கயும் போக வேண்டாம்ல?"

"நீங்க போக வேண்டாம்," என்றேன். "நான் எங்கங்க போறது?"