கொம்பில்லாத வண்டுக்கு நான் வைத்த பெயர்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையிலிருந்து சாணியை டப்பாவில் அள்ளிக்கொண்டு போகிற கல்லூரி ஆசிரியை நான் ஒருத்திதான். பாலக்காட்டில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். ஆராய்ச்சி சாணி வண்டுகளில். சந்தையில் அப்பா தரகர். "ஏனுங்க தரகரே, புள்ளைய இத்தனை படிக்க வெச்சது சாணி நோண்டறதுக்குங்களா?" என்று கேட்காத வியாபாரி கிடையாது.

ஒரு கோடையில், தலையில் கொம்பே இல்லாத சின்ன ஆண் வண்டுகள் அங்கே கிடைத்தன. எந்தப் புத்தகத்திலும் அவை இல்லை. புது இனம் என்று கட்டுரை எழுதி, அறிவியல் பெயரில் எங்கள் ஊர்ப் பெயரையே சேர்த்தேன். அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் மாடு விற்றார்.

அடுத்த வருடம் வடக்கேயிருந்து ஒரு மூத்த நிபுணர் மின்னஞ்சல் அனுப்பினார். அது புது இனமல்ல, வெகுகாலம் முன்பே பெயர் சூட்டப்பட்ட கொம்பு வண்டின் வளர்த்தியில்லாத ஆண் என்று தமக்குத் தோன்றுகிறதாம். ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் இருந்தால் பழையதுதான் நிற்கும். அப்படியானால் நான் வைத்த பெயர் செல்லாது.

"தோணுதாமே, தோணுது!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினேன். ஆதாரம் உண்டா என்று கேட்டு எழுதினேன். இல்லை என்று ஒப்புக்கொண்டார். சரி, நானே வளர்த்துக் காட்டி அவர் மூக்கை உடைக்கிறேன் என்று கிளம்பினேன்.

நான்கு பக்கெட்டுகளில் மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் அவர் சொன்ன பழைய இனத்தின் கொம்புள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் விட்டேன். தாய் வண்டு மண்ணுக்குள் சாணியை உருண்டைகளாக அடைத்து, உருண்டைக்கு ஒரு முட்டை இடும். பொரிகிற புழுவுக்கு அதுதான் மொத்தச் சாப்பாடு. பாதி உருண்டைகளை அப்படியே விட்டேன். மற்றவற்றில் பாதிச் சாணியைச் சுரண்டி எடுத்தேன். அரைப்பட்டினியிலும் கொம்பு முளைத்தால் என் கட்சி ஜெயிக்கும். "இந்த ஊட்டுல மனுசர் இருக்கறதா, வண்டு இருக்கறதா?" என்று அம்மா தினமும் சண்டைக்கு வந்தாள்.

வண்டுகள் வெளிவரும் நாள் வந்தது. வயிறாரத் தின்ற ஆண்கள் கொம்போடு வந்தன. அரைப்பட்டினி உருண்டை ஒன்றை உடைத்தேன். மொட்டைத் தலையோடு ஊர்ந்து வந்தது என் 'புது இனம்'. நான்கு பக்கெட்டிலும் அதே கதை.

அட மடச்சி! கோடையில் மாடு காய்ந்த வைக்கோலைத் தின்கிறது, போட்ட சாணியும் வெயிலில் உடனே காய்கிறது. புழுவுக்கு எங்கிருந்து ஊட்டம் வரும்? மாட்டுத் தரகர் மகளுக்கு இது தோன்றாமல் போயிற்றே! அரை நாள் அழுதேன். அப்புறம் திடீரென்று சிரிப்பு வந்தது. உலகத்தில் யாரிடமும் இல்லாத ஆதாரம் என் பக்கெட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது! அன்றே எழுத உட்கார்ந்தேன்.

கட்டுரை வெளியானதும் சந்தைக்கு ஓடினேன். அப்பா துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்.

"அப்ப நம்மூர்ப் பேரு இல்லையா, கண்ணு?"

"இல்லீங்கப்பா. நானே அடிச்சுட்டேன்."

"அந்தப் பெரிய மனுசன் செயிச்சுட்டாராக்கும்?"

"அவரு சும்மா நெனைச்சாருங்க. கண்ணுல காட்டினது நானுங்க."

அப்பா துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு எதிரே நின்றவரிடம் சொன்னார்: "கேட்டீங்களா? எம்புள்ள பண்ணுன தப்பை எம்புள்ளையேதான் புடிக்க வேண்டியிருந்துது. வேற ஒருத்தனாலயும் முடியலீங்க!"